தேசத்துக்கு ஒரு நீதி, சேரிக்கு ஒரு நீதியா?

அரசு வாங்கும்போது சொந்த நாட்டுப் பொருளுக்கே முன்னுரிமை என்று அமெரிக்கா 1933-இல் சட்டம் போட்டது. அது இன்றும் நிற்கிறது.

ரிச்மண்ட் நகரில் 1983-இல் பாதிப்பேர் கறுப்பர்களாக இருந்தார்கள். ஐந்தாண்டுகளில் நகராட்சியின் நேரடிக் கட்டுமான ஒப்பந்தங்களில் சிறுபான்மையினருக்குக் கிடைத்தது 0.67 விழுக்காடு. 1983-இல் நகரமன்றம், ஒப்பந்தத் தொகையில் 30 விழுக்காட்டை அவர்களுக்கு உள்குத்தகையாகத் தரச் சொன்னது. 1989-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. சமத்துவத்துக்கு எதிராம்!

இங்கும் 2017 ஆணை உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை தருகிறது. ஒன்றிய அரசுக் கொள்முதலில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு, குறு தொழில்களிலிருந்து என்கிறது 2012 கொள்கை. முன்னதைத் தேசப்பற்று என்பவர்கள், பின்னதற்கு மட்டும் 'தகுதி' பேசுகிறார்கள்.

அந்த 4 விழுக்காடு வந்து சேர்ந்ததா? தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.