ஆயாக் கொட்டகையும் பேசத் தாமதித்த பிள்ளைகளும்

கம்போங் குவாந்தான் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மின்மினிப் பூச்சிகள்தாம். சிலாங்கூர் ஆற்றங்கரையில் நிற்கும் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னுவதைப் படகில் போய்ப் பார்த்துவிட்டு, இரவோடு இரவாக கோலாலம்பூர் திரும்பி விடுகிறார்கள். வரும் வழியெல்லாம், புக்கிட் ரோத்தான் ஆனாலும் ஈஜோக் ஆனாலும், சாலையின் இருபுறமும் செம்பனை. அந்தச் செம்பனைக்கு நடுவே ஒரு காலத்தில் லயங்கள் இருந்தன, மாரியம்மன் கோயில் இருந்தது, தமிழ்ப்பள்ளி இருந்தது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. கோயிலையும் பள்ளியையும் பற்றி விழா மலர்களில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அந்த மூன்றாவதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அதுதான் ஆயாக் கொட்டகை.

வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து பயிற்சி கொடுப்பதைப் பற்றி இன்று நிறையவே பேசப்படுகிறது. கருத்தரங்கு நடக்கிறது, தொலைக்காட்சியில் விவாதம் நடக்கிறது. தோட்டப்புறத்தில் இந்தப் பேச்சின் வரலாறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், மருத்துவமனையைக் கைகாட்ட முடியாது. அந்தக் கொட்டகையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பால்மரம் வெட்டும் காலத்தில் பொழுது விடியும் முன்பே பெரட்டு. கணவனும் மனைவியும் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். தூங்குகிற பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் நடந்து, கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்கு ஓடுவாள் தாய். உத்தரத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தூளிகள் தொங்கும். தவழும் பிள்ளைகள் தரையில், நடக்கும் பிள்ளைகள் வாசலில். எல்லாருக்கும் சேர்த்து ஓர் ஆயா, சில தோட்டங்களில் இருவர். பெரும்பாலும் மரம் வெட்ட உடம்பு இடம் கொடுக்காத வயதான பெண்மணிதான் அந்த ஆயா. பயிற்சி கிடையாது, படிப்பும் கிடையாது.

இந்தப் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் எங்கே இருந்தார்கள்? 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. தமிழ்ப்பள்ளிகள் பெருகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் அந்தக் கணக்கு 7 வயதில்தான் தொடங்கியது. அதற்கு முந்திய வயதில் ஒரு பிள்ளை நடக்கிறதா, பேசுகிறதா என்று கேட்க எந்த ஏடும் இல்லை. 7 வயதாகியும் பள்ளிக்கு வர முடியாத பிள்ளையை யாரும் தேடிக்கொண்டு போகவும் இல்லை. தோட்ட டிரசர் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து கொடுப்பார். “நாலு வயசாகியும் பேச்சு வரலே” என்பதற்கு அவரிடம் என்ன மருந்து இருக்கும்?

வீட்டில் மட்டும் மருந்து இருந்தது. நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவார்கள். கோயிலுக்கு நேர்ந்து கொள்வார்கள். “இவங்க தாத்தாவும் அஞ்சு வயசுலதான் பேசினாரு, எல்லாம் சரியாப் போயிடும்” என்று பாட்டி ஆறுதல் சொல்வார். சில பிள்ளைகளுக்குச் சரியாகத்தான் போனது. சரியாகப் போகாத பிள்ளைகள் லயத்தின் பின்கட்டிலேயே வளர்ந்து பெரியவர்கள் ஆனார்கள்.

ஆனாலும் ஆயாவுக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. அவர் முன்னால் ஒரே வயதுப் பிள்ளைகள் பலர், நாள்தோறும், பல மணி நேரம். “மத்த புள்ளைங்க எல்லாம் உக்காருது, உம்புள்ளைக்கு இன்னும் கழுத்தே நிக்கலியே” என்று ஒரு தாயிடம் முதலில் சொல்லக்கூடியவர் அவர்தான். இன்று மருத்துவர்கள் அச்சிட்ட பட்டியலை வைத்துக்கொண்டு செய்யும் ஒப்பீட்டை அவர் கண்ணாலேயே செய்தார். அதற்கு மேல் என்ன செய்வது என்று சொல்லித்தர மட்டும் ஆள் இல்லை.

படிக்காத பெண்ணின் கவனிப்பு ஒரு குழந்தையை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. 1930-களில் ஐயோவா மாநிலத்தின் அனாதை விடுதி ஒன்றில், ஹெரால்ட் ஸ்கீல்ஸ் என்ற உளவியலாளர் இரண்டு பெண் குழந்தைகளைப் பார்த்தார். ஒன்றுக்கு 13 மாதம், மற்றொன்றுக்கு 16 மாதம். இரண்டும் ஆறேழு மாதக் குழந்தை அளவுக்கே வளர்ந்திருந்தன. தேறாத குழந்தைகள் என்று முடிவு கட்டி, மனவளர்ச்சி குன்றிய பெண்கள் வாழும் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து ஸ்கீல்ஸ் அங்கே போனபோது தன் கண்ணையே நம்பவில்லை. இரண்டும் ஓடி விளையாடிக்கொண்டிருந்தன. அங்கிருந்த பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சி, பேசி, விளையாட்டுக் காட்டி வளர்த்திருந்தார்கள். மருந்து என்று சொல்ல வேறெதுவும் இல்லை.

பிறகு மூன்று வயதுக்கு உட்பட்ட 13 குழந்தைகளை அவ்வாறே அந்தப் பெண்களிடம் விட்டுப் பார்த்தார்கள். அவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக 27 புள்ளிகளுக்கு மேல் கூடியது. அனாதை விடுதியிலேயே தங்கிவிட்ட 12 குழந்தைகளுக்கு 26 புள்ளிகள் குறைந்தன. 1939-இல் இது வெளிவந்தபோது அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை; கடுமையாகவே சாடினார்கள். ஸ்கீல்ஸ் விடவில்லை. வளர்ந்து ஆளான அந்தப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து 1966-இல் மறுபடியும் எழுதினார். 13 பேரும் சொந்தக் காலில் நின்றார்கள். மற்ற 12 பேரில் நால்வர் அப்போதும் விடுதிகளிலேயே இருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் தேவை. ஐயோவா குழந்தைகளில் பெரும்பாலோர் கவனிப்பு இல்லாததால் பின்தங்கியவர்கள். டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம் போன்றவை கொஞ்சினால் மறைந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தப் பிள்ளைகளுக்கும் சிறு வயதுப் பயிற்சி பெரிய மாற்றத்தைக் கொடுக்கும். ஆனால் மாறுவது நோயல்ல, பிள்ளையால் செய்ய முடிகிற காரியங்களின் அளவு.

1969-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற ஊரில் ஒரு முறை பிறந்தது. பிள்ளையை நிலையத்துக்கு வரச் சொல்லாமல், ஆசிரியர் வாரம் ஒரு தடவை வீட்டுக்குப் போவார். அடுத்த வாரத்துக்குள் என்ன பழக வேண்டும் என்று தாய்க்குச் செய்து காட்டுவார். நாட்டுப்புறத்தில் வீடுகள் தூரம் தூரமாக இருந்ததால் வேறு வழியின்றிக் கண்ட முறை இது. பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

மலேசியாவில் 1964-இல் சிலாங்கூரில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான சங்கம் தோன்றியது. 1980-களின் பிற்பகுதியில் ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கான அமைப்புகள் தலைநகரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் வேர்விட்டன. நல்ல அமைப்புகள்தாம். ஆனால் ஈஜோக்கிலிருந்து ஒரு தாய் வேலையை விட்டு, பஸ் மாறி மாறி அங்கே போவது எத்தனை நாளைக்கு முடியும்?

கிராமத்தை நோக்கி வந்த திட்டம் என்றால் அது சமூக நல இலாகா 1984-இல் திரங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய பி.டி.கே. எனப்படும் சமூகப் புனர்வாழ்வுத் திட்டம்தான். உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறை அது. உள்ளூர் ஆளுக்கே பயிற்சி கொடுத்து, உள்ளூரிலேயே நிலையம் அமைப்பது அதன் அடிப்படை. இன்று நாடு முழுவதும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன.

ஆனால் காலம் ஒரு வேடிக்கை செய்தது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில், தெனமாரம் தோட்டத்தில், 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியர் நட்டது. அந்தச் செம்பனை பின்னாளில் பால்மரத்தை விரட்டியது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. தேவைப்பட்ட கைகளும் வெளிநாட்டிலிருந்து வந்தன. லயங்கள் காலியாயின. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தார்கள். தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்தில் குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கு வழி செய்தது. ஆனால் அதற்குள் ஆயாவிடம் விடப் பிள்ளைகளே இல்லாத தோட்டங்கள் பெருகிவிட்டன. பயிற்சி முறைகள் நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், பிள்ளைகளை ஒன்றாக வைத்துப் பார்த்த அந்தக் கண் போய்விட்டது. மூடிய கதவுக்குள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும் மூன்று வயதுப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பதை யார் கவனிப்பது?

தாமதத்துக்குக் கொடுக்க வேண்டிய விலை 1997-ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகளில் தெரிந்தது. பிறர் உதவியின்றித் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளையே கல்வி பெறத் தகுதியுடையது என்றன அவை. கழிவறைக்குத் தானாகப் போகத் தெரியாத பிள்ளைக்குப் பள்ளிக் கதவு திறக்காது என்பதே நடைமுறையில் அதன் பொருள். இரண்டு வயதிலிருந்து பழக்கினால் பல பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் காரியம் அது. பழக்க ஆளில்லாத பிள்ளை வீட்டோடு நின்றது. 2013-இல் புதிய விதிமுறைகள் வந்தன. 2019-இல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு அறிவித்தது. கதவு திறந்தது உண்மை. ஆனால் பள்ளிக்கு முந்திய ஐந்து ஆண்டுகளை அறிவிப்பால் திருப்பித் தர முடியாதே!

தமிழகத்தில் ஆய்க்குடி என்ற சிற்றூர் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். அவர் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுள்ள கணக்காளர் சங்கர ராமன் பின்னர் அவரோடு சேர்ந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் சங்கத்தின் பணியாளர்கள் கைப்பேசிச் செயலியோடு வீடு வீடாகப் போகிறார்கள். பெரும்பாலும் அதே வட்டாரத்துப் பெண்கள். பிள்ளை எந்த மாதத்தில் என்ன செய்தது என்று பதிவாகிறது. தூரத்திலிருக்கும் சிகிச்சை நிபுணர் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறார். தாயிடம் தமிழிலேயே விளக்குகிறார்கள். ஆயாவின் கையில் ஒரு பட்டியலும், அவருக்குப் பின்னால் ஒரு நிபுணரும் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ, அப்படி.

கோலசிலாங்கூர்த் தாய்மார்களுக்கு இன்று முதல் படி அரசாங்க சுகாதார கிளினிக்தான். அங்கே கொடுக்கும் குழந்தை உடல்நலப் பதிவுப் புத்தகத்தில் தடுப்பூசிப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு மூடிவிடுவோர் அதிகம். 18 மாதத்துக்கான பக்கத்தில் ஆட்டிசம் குறித்த கேள்விகள் உள்ளன. விரலால் சுட்டிக் காட்டுகிறதா, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா என்பன போன்ற எளிய கேள்விகள்தாம். மலாய் புரியவில்லை என்றால் தாதியிடம் கேட்டு விளங்கிக்கொண்டு, உள்ளதை உள்ளபடி குறிக்க வேண்டும். வெட்கப்பட்டு எல்லாவற்றுக்கும் “ஆம்” போட்டுவிட்டால், அடுத்த முறை அந்தப் பிள்ளையை உற்றுப் பார்ப்பவர் முதலாம் வகுப்பு ஆசிரியராகத்தான் இருப்பார்.