பிர்ச் மரத்தின் ஒற்றைப் பாடம்

பிர்ச் மரம் இலக்கிய வாசகர்க்கு முற்றிலும் அந்நியமானதன்று. வடமொழியார் அதனைப் பூர்ஜம் என்றனர். பிர்ச், பூர்ஜம் ஆகிய இரு சொற்களும் ஒரே வேரினின்று கிளைத்தவை. காளிதாசனின் விக்கிரமோர்வசீயத்தில் ஊர்வசி தன் காதலை எழுதுவதும் பூர்ஜ ஏட்டில்தான். இமயத்து இனத்தின் பட்டை எழுத்தைத் தாங்கிற்று. ஐரோப்பாவில் வளரும் அதன் உறவினத்தின் மகரந்தமோ நோயைத் தாங்கி வந்தது. அம்மகரந்தத்தை மனிதர் வாசிக்கக் கற்ற வரலாற்றையே இங்கு நாம் காணப் புகுகிறோம்.

1819இல் ஜான் பாஸ்டாக் என்னும் ஆங்கில மருத்துவர், ஆண்டுதோறும் கோடையில் தம் கண்ணையும் மார்பையும் வருத்திய நோயை இலண்டன் மருத்துவச் சங்கமொன்றில் விவரித்தார். காரணம் அவருக்குப் புலப்படவில்லை. மான்செஸ்டரின் சார்லஸ் பிளாக்லி தம் உடலையே சோதனைக் களமாக்கி, மகரந்தமே குற்றவாளி என்று 1873இல் நூலாக எழுதினார். 1911இல் லெனார்ட் நூன், புல்லின் மகரந்தச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊசிவழிச் செலுத்தி உடலைப் பழக்கும் முறையை வெளியிட்டார்.

அதுமுதல் பல்லாண்டுகள் மருத்துவர் கையில் இருந்தது சாறு மட்டுமே. சாறு என்பது ஒரு கதம்பம். பல புரதங்கள் அதில் கலந்து கிடக்கும். மரத்திற்கு மரம், பருவத்திற்குப் பருவம் அதன் வலிமையும் மாறும். நோயாளியின் உடல் அக்கதம்பத்தில் எதனைப் பகையாகக் கருதுகிறது என்பதை அறிய வழியில்லை. பிர்ச் மகரந்தத்தால் தும்முவோரில் பலர்க்கு ஆப்பிளைக் கடித்தால் வாய் அரிப்பதேன் என்பதும் புதிராகவே இருந்தது.

1989இல் வியன்னாவின் ஹைமோ பிரைட்டனெடரும் குழுவினரும், அம்மகரந்தத்தின் முதன்மை ஒவ்வாமைப் புரதத்திற்குரிய மரபணுவை இனங்கண்டு வெளியிட்டனர். பட்டாணிச் செடி நோய்க் கிருமியை எதிர்க்கையில் தூண்டப்படும் மரபணுவோடு அது நெருங்கிய ஒப்புமை கொண்டிருந்தது. செடியின் காவலனுக்கு உறவான புரதமே மனிதனுக்குப் பகையாயிற்று. ஆப்பிளிலும் இப்புரதத்தின் உறவு ஒன்று உண்டு. வாய் அரிப்பின் புதிர் அங்கே அவிழ்ந்தது.

மரபணு கிடைத்தபின் மரம் தேவைப்படவில்லை. எஷ்செரிச்சியா கோலி என்னும் பாக்டீரியாவுள் அதனைப் புகுத்த, அந்நுண்ணுயிர் பிர்ச்சின் புரதத்தைத் தானே ஆக்கித் தந்தது. சுமார் 160 அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதம். சர்க்கரை ஒட்டுகள் அற்றதாதலின் பாக்டீரியாவுக்கு அது எளிய பணி. 1996இல் அதன் முப்பரிமாண வடிவமும் வெளிவந்தது.

'பெட் வி 1' என்பது அதன் பெயர். மரத்தின் பழைய அறிவியற்பெயரான 'பெட்யுலா வெருக்கோசா'வின் சுருக்கம் இது. மரம் இன்று 'பெட்யுலா பெண்டுலா' என வழங்கினும் புரதம் பழைய பெயரையே சுமக்கிறது. வழக்கொழிந்த சொல் ஊர்ப்பெயரில் எஞ்சுவதைக் கண்டிருக்கும் நமக்கு இதில் வியப்பில்லை.

சுவடி பதிப்பித்தோர் அறிந்த சிக்கல் ஒன்றும் இங்கு உண்டு. ஒரே மரத்தின் மகரந்தத்தில் பெட் வி 1 ஒரே வடிவில் இருப்பதில்லை. சில எழுத்துகள் மாறிய பல வடிவங்கள், பாடபேதங்கள்போல, உடனுறைகின்றன. சில வடிவங்கள் ஒவ்வாமையைக் கடுமையாக எழுப்ப, சில ஏறக்குறைய அமைதி காக்கின்றன என்று 1996இல் காட்டப்பெற்றது. பாக்டீரியா தருவதோ ஒற்றைப் பாடம். பிழையற்றது, அளக்கத்தக்கது, எனினும் மூலத்தின் பன்மை அதில் இல்லை.

ஒற்றைப் பாடம் போதுமா? 2008இல் வெளிவந்த மருத்துவ ஆய்வொன்று, பாக்டீரியா தந்த புரதத்தையும், மரத்தினின்று தூய்மைப்படுத்திய புரதத்தையும், பழைய சாற்றையும் நோயாளிகளிடம் ஒப்பிட்டது. மூன்றின் பயனும் ஏறத்தாழ ஒத்திருந்தன. சிகிச்சைக்கு ஒரு பாடம் போதும் என்பதற்கு இது வலுவான சான்று. ஆயினும் அமைதி காக்கும் வடிவங்களைக் கண்டறிய ஆய்வாளர் பாடபேதங்களிடமே செல்லவேண்டியிருந்தது. செம்பதிப்பு கையில் இருக்கையிலும் சுவடிகளை எரித்துவிடலாகாது என்பதை நம் பதிப்பாசிரியர்கள் அறிவர். ஆய்வுக்கூடத்தாரும் அதனையே தம் வழியில் கண்டடைந்தனர்.