வினைஞரும் தொழிலாளரும்: ஜூரோங் தந்த பாடம்

ஆலையில் தொழில் கற்ற இளையர் நல்வாழ்வு வாழ முடியுமா என்று மாணவர் சிலர் என்னைக் கேட்டதுண்டு. மொழியியலாரிடம் கேட்கத்தக்க வினா அன்று. எனினும் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

சோழ மன்னனின் மண்டபத்தை எழுப்பியவர்களை மணிமேகலை வகைப்படுத்திக் கூறுகிறது: மகத வினைஞர், மராட்டக் கம்மர், அவந்திக் கொல்லர், யவனத் தச்சர், அவர்களோடு கூடிய தமிழ் வினைஞர். கைத்திறனுக்கேற்பத் தனித்தனிப் பெயர்கள். நாமோ இன்று அனைவரையும் ‘தொழிலாளர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டோம். அதனால் ஒரு வேறுபாடு மறைந்துபோயிற்று.

1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. ஜூரோங்கின் சதுப்பு நிலம் ஆலைகளாயிற்று. 1968க்குப் பின் வந்த மின்னணு ஆலைகளில் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். என் தமக்கையும் அவர்களுள் ஒருவர். நுண்ணோக்கியில் கண்பதித்து மயிரிழை போன்ற கம்பிகளை இணைக்கும் வேலை. சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். அதே விரைவில் வேறொருவரை அவ்விடத்தில் அமர்த்தவும் செய்யலாம். 1974-75ஆம் ஆண்டுகளின் பொருளியல் தேக்கத்தில் அவர் வேலை போயிற்று. கையில் மிஞ்சியது கண்ணெரிச்சல்தான்.

பெரியப்பாவின் மகன் வேறு வழியில் சென்றார். 1970களில் இந்தியாவின் டாட்டா, ஜெர்மனியின் ரோலை, நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆகிய நிறுவனங்களோடு சேர்ந்து அரசாங்கம் பயிற்சி நிலையங்களை நிறுவியது. (மணிமேகலையின் பட்டியல் நினைவுக்கு வருகிறதல்லவா?) அத்தகைய ஒன்றில் அவர் அரத்தால் இரும்பைத் தேய்ப்பதில் தொடங்கிக் கடைசல் இயந்திரம் வரை கற்றார். உதவித்தொகை சொற்பம், பெரியம்மா முணுமுணுத்தார். பின்னர் அவர் பணிபுரிந்த ஆலை மூடப்பட்டது. ஆயினும் வார்ப்பச்சு செய்யத் தெரிந்தவரை அடுத்த ஆலை உடனே அழைத்துக்கொண்டது. ரோலையும் 1981இல் சிங்கப்பூர் ஆலையை மூடிற்று. நிறுவனம் போயினும் அங்குக் கற்ற நுட்பம் இந்நாட்டிலேயே தங்கியது.

ஆகவே, ‘ஆலை வேலை’ என்று பொதுப்படப் பேசுவது பிழை என்பேன். பிற ஆலையிலும் செல்லுபடியாகும் திறனா என்பதே கேள்வி. அண்ணன் அச்சம்பளத்தில் வீவக வீடு வாங்கினார், இரு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். ஆனால் பட்டதாரியின் ஊதியத்தை அவர் எட்டியதே இல்லை. இரவு ஷிஃப்டு அவர் உறக்கத்தைக் கெடுத்தது. 1992இல் உருவான தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்துக்கே ‘இதுதான் முடிவு’ என்று பொருள் கற்பித்துச் சிரித்தவர்கள் நாம். தம் மகனை அங்கே அனுப்ப அண்ணனும் தயங்கினார்.