பிரெஞ்சுக் கரை – அத்தியாயம் 14: ஆயுதமின்றி

வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் தேர் ஆடி ஐந்தாம் வெள்ளியன்று ஓடும். ஊரே கூடி நிற்கும்; ஆனால் முதலில் வடத்தைத் தொடுவது ஊர்க்காரர் இல்லை. பிரெஞ்சு குவர்னர் வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைப்பது அந்தக் காலத்து வழக்கம். பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போய்விட்டான், வழக்கம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. இப்போது துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார், பக்கத்தில் முதலமைச்சர். வருஷத்தில் ஒரு நாள், ஆளுகிறவரும் வலை இழுக்கிறவரும் ஒரே கயிற்றைப் பிடிக்கிறார்கள். அன்றைக்கு அந்தக் கையில் கயிறு மட்டும்தான். மற்ற நாட்களில் இந்தக் கரையில் துப்பாக்கி யார் கையில் இருந்தது, குறிப்பாகத் தேர்தல் வந்த நாட்களில், என்பதுதான் இந்த வாரக் கதை.

சென்ற வாரம் 1936 ஜூலை 30-இல் நிறுத்தியிருந்தோம். முதலியார்பேட்டைப் பக்கம் சவானா மில். உள்ளே வேலைநிறுத்தம், வெளியே பிரெஞ்சுப் படை. முதல் வெடிச் சத்தம் கேட்ட இடத்தில் 'தொடரும்' போட்டிருந்தேன். அதன் முடிவு புதுச்சேரிக்காரர் எல்லாருக்கும் தெரியும்: 12 தொழிலாளர்கள் செத்தார்கள். சங்கம் வைக்க உரிமை வேண்டும், வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா பாரீசு வரை போய் முறையிட்டார். அங்கே அப்போது இடதுசாரிக் கூட்டணி ஆட்சியில் இருந்தது. 1937 ஏப்ரல் 6-ஆம் தேதி ஆணை வந்தது. எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் சட்டமாயின. ஜூலை 30 இன்றும் தியாகிகள் தினம்.

அந்த வெடிக்குப் பின்னால் ஒரு பழைய காகிதம் இருக்கிறது. 1814-இல் பாரீசு ஒப்பந்தத்தின்படி பிரிட்டன் தன் பிடியில் வைத்திருந்த புதுச்சேரி முதலான ஊர்களைப் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. கோட்டை கட்டக் கூடாது, ஊர்க்காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தது. நெப்போலியனிடம் பட்ட சூடு அப்படி. யோசித்துப் பாருங்கள்: வெளியிலிருந்து வரும் எதிரியை நோக்கித் திருப்ப உதவாத துப்பாக்கி அது. உள்ளூர்க்காரனைப் பார்த்து நீட்டுவதற்கு மட்டுமே அளந்து கொடுத்த துப்பாக்கி. 122 வருஷம் கழித்து அது சரியாக அந்த வேலையைச் செய்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில், நிலைமை வேறு. அங்கே 1878-இல் லிட்டன் பிரபு இரண்டு சட்டம் கொண்டுவந்தார். ஒன்று இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. இன்னொன்று, ஆயுதச் சட்டம், உரிமம் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது. வெள்ளைக்காரனுக்கு அந்த உரிமம் தேவைப்படவில்லை. சட்டத்தைவிட அந்த ஓரவஞ்சனைதான் அதிகம் உறுத்தியது. அகிம்சையை மூச்சாகக் கொண்ட காந்தியே 1918-இல், கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்த்த நேரத்தில், ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய அந்தச் சட்டத்தை ஆங்கில ஆட்சியின் மிகக் கறுப்பான செயலாக வரலாறு பார்க்கும் என்று எழுதினார். 1931-இல் கராச்சியில் வல்லபபாய் படேல் தலைமையில் கூடிய காங்கிரஸ், அடிப்படை உரிமைகளுக்கு ஒரு பட்டியல் போட்டது. பேச்சுரிமை, சங்கம் கூடும் உரிமை எல்லாம் இருந்த அந்தப் பட்டியலில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இருந்தது. இன்று பலருக்கு இது நம்ப முடியாத செய்தி.

காந்தியும் காங்கிரசும் இதைப் பேசுவதற்கு முன்பே, 1911 ஜூன் 17-இல், மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதனுக்குக் குறி பார்க்கச் சொல்லிக் கொடுத்தது புதுச்சேரியில் இருந்த வ.வே.சு. ஐயர். அந்தக் கதையை நான்காம் அத்தியாயத்திலேயே பார்த்தாயிற்று.

இனி தேர்தலுக்கு வருவோம்.

ஓட்டுப் போடுவது புதுச்சேரிக்குப் புதிதில்லை. சென்னை மாகாணத்தில் சொத்துள்ளவனுக்குக்கூட ஒழுங்கான ஓட்டு இல்லாத காலத்தில், இங்கே சாதாரண ஆண்மகனுக்கு ஓட்டு இருந்தது. பாரீசு நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பினார்கள். கேட்கப் பெருமையாக இருக்கும். நடந்த விதம்தான் வேறு. நாடு சண்முக வேலாயுத முதலியார் காலத்திலும், அவரை வீழ்த்திய கேப்லே காலத்திலும், ஓட்டுச் சாவடிக்குப் போகும் வழியில் தடிக்கம்புகள் காத்திருந்தன. 1914-இல் பிரெஞ்சுக்காரரான பால் ரிஷார் தேர்தலில் நின்றபோது பாரதியார் அவருக்காகப் பேனா பிடித்தார். பேனா தோற்றது. புதுச்சேரி அரசியலில் 'ஆள் வைத்திருக்கிறார்' என்றால் தொண்டர் வைத்திருக்கிறார் என்று அர்த்தமில்லை.

1948. வெள்ளைக்காரன் டெல்லியை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் சுதந்திர இந்தியா, இந்தப் பக்கம் பிரான்சு. ஜூன் 28-இல் இரண்டு அரசுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: எந்த நாட்டோடு இருப்பது என்பதை மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும். அந்த ஓட்டெடுப்பை எப்படி, எப்போது நடத்துவது என்பதை நகராட்சி மன்றங்கள் சொல்லட்டும். அதற்கு முதலில் நகராட்சிகளுக்குத் தேர்தல் நடக்கட்டும். தேதி அக்டோபர் 24, ஞாயிற்றுக்கிழமை.

குழாயடி, குப்பை, தெருவிளக்கு பார்க்க வேண்டிய கவுன்சிலர் பதவி ஒரே நாளில் நாட்டின் தலைவிதியைத் தீர்க்கும் பதவியாகிவிட்டது. புதுச்சேரிப் பகுதியில் மட்டும் எட்டு கொம்யூன், அதாவது நகராட்சி. வீராம்பட்டினம் அரியாங்குப்பம் கொம்யூனில். ஒவ்வொரு கொம்யூனிலும் வாக்காளர் பட்டியல் மேரியின் பொறுப்பு. மேரி என்றால் நகராட்சி அலுவலகம் என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அங்கே உட்கார்ந்திருக்கும் மேயர் தேர்தலில் நிற்கும் கட்சிக்காரர். போலீஸ் குவர்னர் கையில். ஆக, பட்டியல் ஒருவரிடம், வாக்காளர் அட்டை ஒருவரிடம், துப்பாக்கி ஒருவரிடம். மூவரும் ஒரே பந்தியில். எதுவார் குபேர், பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியின் மூளை, இந்தப் பந்தியில் பரிமாறும் வித்தையை நன்றாக அறிந்தவர். பின்னாளில் அதே குபேர் இலையைத் திருப்பிப் போட்டு இந்தியாவோடு இணைய வேண்டும் என்று புறப்பட்டார். அதற்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது.

பிரசாரக் காலம் கலவரக் காலமாகவே கழிந்தது. இணைப்பு வேண்டும் என்று பேசக் கூட்டம் போட்டால் கூட்டத்துக்குள் அடியாட்கள் புகுவார்கள். போலீஸ் ஓரமாக நிற்கும். தேர்தல் சுதந்திரமாக நடக்கவில்லை என்று இந்திய அரசு பிறகு வெளிப்படையாகவே குற்றம் சாட்டியது. 1951-இல் வந்த நடுநிலைப் பார்வையாளர்களும் பட்டியலின் கோளாற்றையும் குண்டர் அட்டகாசத்தையும் கண்டு, இந்த நிலையில் நேர்மையான ஓட்டெடுப்பு நடக்காது என்றே எழுதிவிட்டுப் போனார்கள்.

இதில் ஒரு விசித்திரம். இந்தத் தேர்தல் காலத்தில், வீராம்பட்டினத்தை ஒட்டிய அரிக்கமேட்டில், பிரெஞ்சுத் தொல்லியலாளர் கஸால் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய மண்ணை அடுக்கடுக்காகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். 1949-இல் பாரீசில் அச்சான அவருடைய அறிக்கையின் தலைப்பிலேயே வீராம்பட்டினத்தின் பெயர் இருக்கிறது. ரோமானியன் இங்கே வந்து மணியும் மதுச்சாடியும் மாற்றிப் போனதை உலகம் வியந்து படித்தது. பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவனுக்கு ஓட்டு அட்டை வந்ததா என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

அந்த அக்டோபர் தேர்தல் முடிந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி டெல்லியில் அரசியல் நிர்ணய சபையில், இன்று 19-ஆம் பிரிவாக நாம் அறிந்த பகுதி விவாதத்துக்கு வந்தது. வரைவில் அப்போது அது 13-ஆம் பிரிவு. பேச்சுரிமை, சங்கம் அமைக்கும் உரிமை, 'அமைதியாகவும் ஆயுதமின்றியும்' கூடும் உரிமை. எச்.வி. காமத் எழுந்தார். சுபாஷ் போஸோடு நின்றவர், எதையும் விடாமல் கேள்வி கேட்கும் மனிதர். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொடுத்தார். கராச்சியில் நாம்தானே கேட்டோம், ஆட்சி நம் கைக்கு வந்ததும் அது எப்படித் தேவையற்றதாகும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். விதிமுறைக்கு உட்பட்டுத்தான் கேட்கிறேன் என்றும் சொன்னார்.

பதில் சொன்னவர் அம்பேத்கர். கராச்சியில் கேட்டது, அந்நிய ஆட்சி நம்மை நிராயுதபாணியாக்கியிருந்த நேரம். இப்போது சூழ்நிலை மாறிவிட்டது. சுதந்திர நாட்டில் ஆயுதம் ஏந்துவது தேவை வரும்போது குடிமகன் ஆற்ற வேண்டிய கடமை. அதைத் தனி ஆளின் உரிமையாக்கி, யார் வேண்டுமானாலும் கடைத்தெருவில் ஆயுதம் வாங்கலாம் என்று விட்டால் அரசு எப்படி நடக்கும் என்று கேட்டார். திருத்தம் தோற்றது. அமெரிக்கா 1791-இல் தன் அரசியல் சட்டத்தில் எழுதி வைத்து இன்றுவரை மல்லுக்கட்டும் உரிமையை, இந்தியா கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கீழே வைத்தது.

என் ஓட்டு அம்பேத்கர் பக்கம். அதே அக்டோபரில் புதுச்சேரித் தெருவில் ஆளுக்கொரு துப்பாக்கி சட்டப்படி கிடைத்திருந்தால், முதலில் வாங்கியிருப்பது வலைக்காரன் இல்லை; தடி வைத்திருந்தவனை ஏவிய முதலாளிதான். ஆனாலும் காமத்தின் கேள்வி முள்ளாக நிற்கிறது. குடிமகனை ஆயுதமின்றிக் கூடச் சொல்கிறோம். எதிரில் நிற்கும் அடியாளும் ஆயுதமின்றி வருவானா, போலீஸ் ஓரமாக நிற்காமல் இருக்குமா என்பதை எந்தப் பிரிவு பார்த்துக்கொள்கிறது?

1959-இல் நாமே ஓர் ஆயுதச் சட்டம் இயற்றினோம். உரிமம் இன்றும் வேண்டும். 2019-இல் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கியை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். தேர்தல் அறிவித்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். எல்லாரிடமும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது, ஆளைப் பார்த்து, காரணம் சொல்லி வாங்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அரசின் துப்பாக்கி எப்போதும்போல் வெளியில்தான். 2021 ஆகஸ்ட் 28-இல் சுருக்குவலைத் தகராறில் வீராம்பட்டினத்துக்காரர்களும் நல்லவாட்டுக்காரர்களும் மோதிக்கொண்டபோது, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டுத்தான் கலைத்தது. 1936-இலும் வானத்தை நோக்கிச் சுட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

தாவித் தாவி வெகுதூரம் முன்னே போய்விட்டேன். திரும்புவோம்.

1948 அக்டோபர் மூன்றாம் வாரம். புதுச்சேரியில் மிரட்டலோடு மிரட்டலாகப் பிரசாரம் ஓய்ந்துகொண்டிருக்கிறது. மேற்கே, மலபார்க் கரையில், மாஹே. அதுவும் இதே பிரெஞ்சு ஆட்சி, அங்கும் அதே தேதியில் தேர்தல். ஐ.கே. குமாரன் மாஸ்டர் தலைமையில் மகாஜன சபை இணைப்புக்காகப் போராடிக்கொண்டிருந்தது. அங்கே வாக்காளர் அட்டை விநியோகத்தில் ஒரு தகராறு கிளம்பியது. புதுச்சேரியில் அட்டை வராதவன் வீட்டுக்குத் திரும்பிப் போனான். மாஹேக்காரன் போகவில்லை. கூட்டம் அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கியது, மூவர்ணக் கொடி ஏறியது. தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பிரெஞ்சு நகரம் மக்கள் கைக்கு வந்துவிட்டது.

24-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் வாக்குப்பதிவு நடந்தது. குபேரின் கட்சி அள்ளிக்கொண்டு போனது. மாஹேயில் ஓட்டுப் பெட்டியே திறக்கவில்லை. தெருவில் கொண்டாட்டம். 1814-இன் காகிதம் எண்ணி வைக்கச் சொன்னது கரையில் நிற்கும் சிப்பாயைத்தான். கடலை யாரும் எண்ணவில்லை. சில நாளில் மாஹேயின் அடிவானத்தில் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பல் தெரிந்தது.

(தொடரும்)