வீடு வீடாக நற்செய்தி: பயன் என்ன, நோக்கம் என்ன?

ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியிருப்போம். வாசலில் இருவர் நிற்பார்கள். சுத்தமான உடை, தோளில் பை, கையில் 'காவற்கோபுரம்' அல்லது 'விழித்தெழு!' இதழ். மரியாதையாகத்தான் பேசுவார்கள். நம்மில் பலர் "நாங்க ஆர்.சி.ங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறோம். சிலர் வாக்குவாதத்தில் இறங்குகிறோம். எப்படியானாலும் அவர்கள் போன பிறகு உள்ளுக்குள் ஓர் உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது. இவர்கள் இந்த வெயிலில் அலைகிறார்களே, நாம் ஏன் போவதில்லை? இப்படிப் போவதால் உண்மையிலேயே யாராவது மனம் மாறுகிறார்களா? அவர்களை அலைய வைப்பதுதான் எது?

இக்கேள்விகள் குறித்து நாம் அறிந்த தகவல்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில் பயன். யெகோவாவின் சாட்சிகள், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சார்ல்ஸ் டேஸ் ரசல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய விவிலிய மாணவர் இயக்கத்திலிருந்து வந்தவர்கள். 1931-இல் இப்பெயரை ஏற்றார்கள். ஊழியத்தில் செலவிட்ட நேரத்தை ஒவ்வொருவரும் மாதந்தோறும் எழுதிக் கொடுக்கும் வழக்கம் அவர்களிடையே நெடுங்காலம் இருந்தது. ஆகவே கணக்கு துல்லியமாகக் கிடைக்கிறது. 2019 பணியாண்டில் உலகெங்கும் அவர்கள் செலவிட்ட நேரம் ஏறக்குறைய 208 கோடியே 85 லட்சம் மணி. அவ்வாண்டு திருமுழுக்குப் பெற்றவர்கள் 3,03,866 பேர். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சுமார் 6,900 மணி நேரம்! நாளுக்கு எட்டு மணி, ஆண்டுக்கு 300 நாள் என்று ஒருவர் உழைத்தால் கிட்டத்தட்ட மூன்று ஆண்டு உழைப்பு அது. இதில் வீட்டுச் சந்திப்பு மட்டுமன்றி விவிலிய வகுப்பு நடத்திய நேரமும் அடங்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். திருமுழுக்குப் பெற்றவர்களில் அவர்களுடைய சொந்தப் பிள்ளைகளும் உண்டு.

இன்னும் தெளிவான கணக்கு மோர்மோன் சபையிலிருந்து வருகிறது. வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையுமாக இருவர் இருவராகச் செல்லும் இளைஞர்களைப் படங்களில் பார்த்திருப்போம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1976-77 காலத்தில் அவர்கள் செய்த பணியின் விவரங்களை ராட்னி ஸ்டார்க், வில்லியம் பெயின்பிரிட்ஜ் என்ற இரு சமூகவியலாளர்கள் ஆராய்ந்து 1980-இல் வெளியிட்டார்கள். அறிமுகமில்லாத வீட்டுக் கதவைத் தட்டியதில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் சபையில் சேர்ந்தனர். ஆனால் ஏற்கெனவே சபையில் இருக்கும் நண்பர் அல்லது உறவினர் வீட்டில் வைத்து முதல் சந்திப்பு நடந்தபோது ஏறக்குறைய பாதிப்பேர் சேர்ந்தார்கள். பேசிய செய்தி ஒன்றே, பேசியவர்களும் அதே இளைஞர்கள். வேறுபாடு, நடுவில் ஒரு நண்பர் இருந்தாரா இல்லையா என்பதில்தான் இருந்தது.

அப்படியானால் ஏன் இன்னும் தட்டுகிறார்கள்? அவர்களிடமே கேட்டால் பதில் தயாராக இருக்கும். மத்தேயு 24:14-இல் இறையாட்சியின் நற்செய்தி உலகெங்கும் அறிவிக்கப்படும் என்று ஆண்டவர் கூறியிருக்கிறார். எசேக்கியேல் 33-இல் எச்சரிக்காமல் விட்ட காவலாளியிடம் இரத்தப்பழி கேட்கப்படுகிறது. ஆகவே கேட்பவர் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் சொல்வது எங்கள் கடமை என்பார்கள். இதைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. அயலார் அழிந்துவிடக் கூடாதே என்ற அக்கறையும் அவர்களில் பலரிடம் உண்மையாகவே இருக்கிறது. இன்னொன்றும் நமக்குத் தோன்றுகிறது. நூறு கதவுகள் முகத்தில் அறைந்து சாத்தப்பட்டபின், உடன் நடக்கும் தோழர்மீது எவ்வளவு பற்று வரும்! வீடு வீடாகப் போவது தட்டப்படும் வீட்டை மாற்றுகிறதோ இல்லையோ, தட்டுகிறவரை அவர் சபையோடு இறுகக் கட்டிவிடுகிறது.

ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. என் கடமை முடிய வேண்டும், என் மணிக்கணக்கு நிரம்ப வேண்டும் என்று ஒருவர் வந்தால், கதவைத் திறப்பவர் அந்தக் கணக்கில் ஒரு கோடாகிவிடுகிறார். கொரோனா காரணமாக 2020 மார்ச்சில் நிறுத்திய வீட்டுச் சந்திப்பைச் சாட்சிகள் 2022 செப்டம்பரில் மறுபடி தொடங்கினார்கள். 2023 நவம்பர் முதல் சாதாரண உறுப்பினர்கள் மணிக்கணக்கு கொடுக்க வேண்டியதில்லை என்று அவர்களுடைய தலைமையே மாற்றிவிட்டது.

விவிலியம் என்ன சொல்கிறது? எபேசு மூப்பர்களிடம் பேசும் பவுல், பொதுவிடத்திலும் வீடுகளிலும் போதித்ததை நினைவூட்டுகிறார் (திருத்தூதர் பணிகள் 20:20). 5:42-இலும் இதே செய்தி வருகிறது. சாட்சிகள் இவ்வசனங்களைத் தங்கள் முறைக்கு ஆதாரமாகக் காட்டுவது வழக்கம். ஆனால் 5:42-இல் உள்ள கிரேக்கச் சொற்றொடரே 2:46-இலும் இருக்கிறது. அங்கே பேச்சு, நம்பிக்கை கொண்டோர் வீடுகளில் கூடி அப்பம் பிட்டு உண்டதைப் பற்றியது. இன்றைய நம் அன்பியக் கூட்டத்துக்குத்தான் அது நெருக்கமானது. கொர்னேலியு பேதுருவை ஆளனுப்பி அழைத்தார். லீதியா ஆற்றங்கரையில் கேட்டபின் தாமே வருந்தி அழைத்து வீட்டில் தங்க வைத்தார். எழுபத்திரண்டு பேரை ஆண்டவர் இருவர் இருவராக அனுப்பியது உண்மை. ஆனால் நுழைந்தவுடன் முதலில் வாழ்த்தச் சொன்னார். கொடுப்பதை உண்டு அங்கேயே தங்கச் சொன்னார் (லூக்கா 10). ஒருவரைத் தம் மதத்தில் சேர்க்கக் கடலையும் நிலத்தையும் சுற்றி வந்த பரிசேயரை அவர் எப்படிக் கடிந்தார் என்பதை மத்தேயு 23:15-இல் காண்கிறோம். அவர்களுடைய உழைப்பில் குறையில்லை, நோக்கம்தான் கெட்டிருந்தது.

தட்டும் உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 1938-இல் அமெரிக்காவின் நியூஹேவன் நகரில், பத்தில் ஒன்பது பேர் கத்தோலிக்கராக இருந்த தெருவில், கேன்ட்வெல் என்ற சாட்சியும் அவருடைய இரு மகன்களும் இசைத்தட்டுக் கருவியோடு வந்து, கத்தோலிக்கத் திருச்சபையைத் தாக்கும் உரையை ஒலிக்கச் செய்தார்கள். கைதானார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்பது போதாதென்று கொல்லனையே திட்டினால் எப்படி இருக்கும்! ஆயினும் 1940-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கிரேக்க நாட்டில் மதம் மாற்ற முயன்றதாக அறுபது தடவைக்கு மேல் கைதான மினோஸ் கோக்கினாக்கிஸ் வழக்கில், 1993-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சான்று பகர்வதையும் முறையற்ற மதமாற்ற முயற்சியையும் பிரித்துக் காட்டியது. நம் நாட்டில் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. ஆனால் அருள்பணி ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் 1977-இல் நமது உச்ச நீதிமன்றம், பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்றது.

இந்தப் பிரிவினை நமக்குப் புதிதல்ல. சமயச் சுதந்திரம் பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க அறிக்கை (1965), குறிப்பாக ஏழைகளிடமும் கல்லாதவர்களிடமும் வற்புறுத்தலோ தகாத தூண்டுதலோ கூடாது என்று எச்சரிக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' ஏட்டில், ஆளுக்கு ஆள் நற்செய்தி சொல்வதன் முதல் படி அடுத்தவரைப் பேசவிட்டுக் கேட்பது என்கிறார். அவருடைய மகிழ்ச்சியும் கவலையும் தெரிந்த பிறகுதான் இறைவார்த்தைக்கு இடம் வருகிறது.

வீடு சந்திப்பு நம்மிடம் இல்லாமலும் இல்லை. 1921 செப்டம்பர் 7 அன்று டப்ளின் நகரில் பிராங்க் டஃப், அருள்பணி மைக்கேல் டோஹர், சில இளம்பெண்கள் ஆகியோர் கூடித் தொடங்கியதுதான் மரியாயின் சேனை. அவர்கள் செய்த முதல் வேலை, ஏழைகளுக்கான மருத்துவமனையில் பெண் நோயாளிகளின் கட்டில் ஓரமாகப் போய் உட்கார்ந்தது. பொருளுதவி கொடுக்கக் கூடாது என்பது சேனையின் கண்டிப்பான விதி. சிலருக்கு இது கடுமையாகத் தோன்றும். வின்சென்ட் தே பவுல் சபையிலும் இருந்த டஃப், ஏழைக்கு உதவுவதைக் குறைவாக எண்ணியவர் அல்லர். ஆனால் கையில் அரிசிப் பையோடு போனால் திறக்கும் கதவு எதற்காகத் திறக்கிறது என்று தெரியாமல் போய்விடுமே!

நம் பங்குகளின் நிலையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பங்கிலிருந்து இருவர் வாசலுக்கு வந்தால், பெரும்பாலும் திருவிழா வரி, ஆலயக் கட்டட நிதி, அல்லது மாதச் சந்தா. படுத்த படுக்கையாய் இருப்பவரை மாதக்கணக்கில் நாம் எட்டிப் பார்ப்பதில்லை. வேறு சபையார் வந்து ஜெபித்து, வாரந்தோறும் நலம் விசாரித்து, கடைசியில் குடும்பமே அங்கே போய்விட்டால் மட்டும் "ஆடு திருடுகிறார்கள்" என்கிறோம்.

சென்ற தவக்காலத்தில் எங்கள் அன்பியத்திலிருந்து இருவர் இருவராக வீடுகளுக்குப் போனோம். நெடுநாள் கோவிலுக்கு வராத ஒரு வீடு. கதவைத் திறந்த அம்மா, "எவ்வளவுங்க?" என்று கேட்டபடியே பணம் எடுக்க உள்ளே திரும்பினார். ரசீதுப் புத்தகம் கொண்டு வரவில்லை, சும்மா பார்க்கத்தான் வந்தோம் என்றோம். நம்பாமல் கொஞ்ச நேரம் எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, உட்காரச் சொன்னார்.