ஒரு பாட்டில் ஜாம், ஒரு வாரச் சர்க்கரை

கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர்களுக்குப் பரிசாக ஒரு பாட்டில் ஜாம், அதுவும் வீட்டிலேயே காய்ச்சியது! கேட்டதும் "காசை மிச்சம் பிடிக்கிறாங்க" என்றுதான் தோன்றும். ஆனால் 1940-களில் இங்கிலாந்தில் அப்படி ஒரு பாட்டில் கைக்கு வந்திருந்தால் யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். ஜாம் ஏன் சீக்கிரம் கெடுவதில்லை? பழத்தில் இருக்கும் தண்ணீரைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்கிறது. பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர அந்தத் தண்ணீர் கிடைப்பதில்லை. இதற்குக் கொஞ்சநஞ்சம் சர்க்கரை போதாது. காய்ச்சி இறக்கிய ஜாமின் எடையில் சுமார் 60 சதவீதம் சர்க்கரையாக இருக்க வேண்டும். 3 பவுண்டு சர்க்கரை போட்டால் 5 பவுண்டு ஜாம் என்பது இங்கிலாந்து வீடுகளின் கணக்கு. ஆக, ஜாமின் வரலாறு என்பது பாதிக்குப் பாதி சர்க்கரையின் வரலாறுதான்.

இங்கிலாந்தில் சர்க்கரை பல நூற்றாண்டுகள் பணக்காரர்கள் வீட்டுப் பண்டமாக இருந்தது. 19-ம் நூற்றாண்டில் இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்து, 1874-ல் முழுவதுமாக நீக்கப்பட்டது. விலை இறங்கியதும் ஜாம் தொழிற்சாலைகள் பெருகின. கூலித் தொழிலாளி வீட்டு ரொட்டியிலும் ஜாம் ஏறியது. ஒரு வரி போனதால் ஒரு நாட்டின் காலைச் சாப்பாடே மாறியது!

இந்த நிலைமை 1939-ல் தலைகீழானது. இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் உணவு ஏற்றி வந்த கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் தாக்கின. 1940 ஜனவரி 8 அன்று ரேஷன் வந்தது. முதல் பட்டியலிலேயே வெண்ணெயோடு சர்க்கரையும் இருந்தது. ஆளுக்கு வாரம் 12 அவுன்ஸ் என்று ஆரம்பித்து, அதே ஆண்டில் 8 அவுன்ஸாகக் குறைத்தார்கள். அதாவது சுமார் 227 கிராம். 1941 மார்ச்சில் கடை ஜாமும் மர்மலேடும்கூட ரேஷனுக்குள் வந்துவிட்டன.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு பவுண்டு ஜாம் பாட்டிலில் 60 சதவீதம் சர்க்கரை என்றால் 9.6 அவுன்ஸ். ஒரு ஆளுடைய ஒரு வாரப் பங்கை விட அதிகம்! தேநீருக்கும் கேக்குக்கும் கிறிஸ்துமஸ் புட்டிங்குக்கும் அதே 8 அவுன்ஸிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஜாம் காய்ச்சும் பருவத்தில் அரசாங்கம் கூடுதல் சர்க்கரை கொடுத்ததுண்டு. 1940 கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்துக்கு மட்டும் 4 அவுன்ஸ் கூட்டிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் வீட்டில் யாராவது சப்பென்ற டீ குடிக்க வேண்டியதுதான். வினிகர் சேர்த்துக் காய்ச்சும் பழச் சட்னிக்குச் சர்க்கரை குறைவாகப் போதும் என்பதால் அதுவும் பரிசுப் பொருளானது.

கடையில் வாங்கிக் கொடுக்கலாமே என்றால் அங்கேயும் சரக்குத் தட்டுப்பாடு. 1941-ல் பொருளைச் சுற்றிக் கொடுக்கக் காகிதம்கூடத் தரக்கூடாது என்று கடைகளுக்கு உத்தரவு. உணவுப் பொருளுக்கும், கடைக்காரர் வீட்டில் கொண்டுவந்து சேர்க்கும் சரக்குக்கும் மட்டும் விலக்கு.

இதே காலத்தில் கிராமப்புறப் பெண்களின் அமைப்பான விமன்ஸ் இன்ஸ்டிட்யூட், தோட்டங்களில் பழம் வீணாகாமல் இருக்க ஊர் மன்றங்களிலும் சமையலறைகளிலும் கூட்டாக ஜாம் காய்ச்சியது. 1940 முதல் 1945 வரை 5,300 டன்னுக்கு மேற்பட்ட பழத்தை இப்படிக் காப்பாற்றினார்கள். ஆனால் அடுப்படியில் நின்ற பெண்களுக்கு அதில் தனிப் பங்கு கிடையாது. அந்த ஜாம் பொது விநியோகத்துக்குப் போனது. தங்கைக்கோ மாமியாருக்கோ கொடுக்க நினைத்த பாட்டில், சொந்த வீட்டுச் சர்க்கரை டப்பாவிலிருந்துதான் வர வேண்டும்.

வணிகவியல் வகுப்பில் 'வாய்ப்புச் செலவு' என்று ஒரு பாடம் உண்டு. ஒன்றைப் பெறுவதற்காக எதை விட்டுக்கொடுத்தோமோ, அதுதான் அதன் உண்மையான விலை. அந்த ஜாம் பாட்டிலின் விலையைப் பென்னியிலும் ஷில்லிங்கிலும் எழுதினால் கணக்கு தப்பு. ஒரு மனிதர் ஒரு வாரம் சர்க்கரையே தொடாமல் இருந்தது என்றுதான் அதை எழுத வேண்டும். வாங்கியவருக்கும் இது நன்றாகவே தெரியும், ஏனென்றால் அவர் வீட்டிலும் அதே 8 அவுன்ஸ்தான்.

ஜாமுக்கான ரேஷன் 1948 டிசம்பரில் போனது. சர்க்கரைக்கு 1953 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போர் முடிந்து எட்டு ஆண்டுகள்!

இன்று சர்க்கரை மலிவு, கடையில் ஜாம் அதைவிடச் சுலபம். ஆனாலும் பழம் நறுக்கி, கிளறி, பாட்டிலைக் கொதிநீரில் கழுவி நிரப்ப ஒரு முழு மதியம் ஆகும். இப்போது பலருக்கு அளந்து கிடைப்பது அந்த மதியம்தான். அடுத்த முறை யாராவது வீட்டு ஜாம் நீட்டினால், விலைச்சீட்டு இல்லையே என்று பார்க்காதீர்கள் நண்பர்களே...