திசையன் குச்சி வரைபடம்

ஓரிடத்தில் வீசும் காற்றையோ ஓடும் நீரோட்டத்தையோ நேர வரிசை குலையாமல் காட்டும் படம் திசையன் குச்சி வரைபடம். இதன் கிடைக்கோடு நேரத்தைக் குறிக்கிறது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் அக்கோட்டிலிருந்து ஒரு குச்சி கிளம்பும். குச்சியின் நீளம் வேகம், சாய்வு திசை. இறகு வரைபடம் என்ற பெயரும் வழக்கில் உண்டு. வானிலையாளர்களும் கடலியலாளர்களும் அன்றாடம் கையாளும் கருவி இது.

காற்றின் வேகத்தையும் திசையையும் இரண்டு தனிக் கோடுகளாக வரைந்தால் என்ன என்று கேட்கலாம். வரையலாம், ஆனால் வடக்கையொட்டி அலையும் காற்று 350 பாகையிலிருந்து 10 பாகைக்கு மாறும்போதெல்லாம் திசைக்கோடு தாளின் உச்சியிலிருந்து அடிக்குப் பாயும். காற்று உண்மையில் திரும்பியதோ 20 பாகைதான். எத்திசைக் காற்று எத்தனை முறை வீசியது என்று வட்டமாக வரைந்து காட்டும் படமும் உண்டு; அது எப்போது வீசியது என்பதைத் தூக்கி எறிந்துவிடுகிறது. குச்சி வரைபடம் இவ்விரண்டு குறைகளுக்கும் இடம் தருவதில்லை.

தீபச் சுடரும் இரு கூறுகளும்

திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையுச்சியில் கார்த்திகைத் தீபம் ஏற்றப்பட்டு 11 நாட்கள் எரிகிறது. அது வடகிழக்குப் பருவக்காற்றின் காலம். வடகிழக்கிலிருந்து காற்று வீசினால் சுடர் தென்மேற்காகச் சாயும். ஆனால் மலைக்குக் கிழக்கே, ராஜகோபுரத்தின் முன்னால் மேற்குப் பார்த்து நிற்பவர் தொலைநோக்கியில் பார்த்தாலும் முழுச் சாய்வும் தெரியாது. சுடர் இடப்பக்கம், அதாவது தெற்காகச் சாய்வது மட்டுமே அவர் கண்ணில் படும். கிரிவலப் பாதையில் மலைக்குத் தெற்கே, ரமணாசிரமத்துப் பக்கம் வடக்குப் பார்த்து நிற்பவருக்கு அதே சுடர் மேற்காகச் சாய்வது மட்டும் தெரியும். இருவர் சொல்வதையும் சேர்த்தால்தான் காற்றின் திசை கிடைக்கும்.

காற்றுத் திசையனை உடைக்கும் கணக்கும் இதுவேதான். கிழக்கு–மேற்குக் கூறு ஒன்று, வடக்கு–தெற்குக் கூறு ஒன்று. வடகிழக்கிலிருந்து மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வரும் காற்றுக்கு இரு கூறுகளும் –14.1 ஆகும், கிழக்கும் வடக்கும் நேர்க்குறி, மேற்கும் தெற்கும் எதிர்க்குறி. குச்சி நேரக்கோட்டிலிருந்து இடப்பக்கம் கீழாக இறங்கும். சராசரி எடுப்பதும் கூறுகளில்தான் நடக்க வேண்டும். 350-ஐயும் 10-ஐயும் நேரடியாகக் கூட்டி வகுத்தால் 180 வரும். வடகாற்று ஒரு நொடியில் தென்காற்றாகிவிடும். தரவுத்தாளில் ‘சராசரித் திசை’ என்றொரு பத்தியைக் கண்டால், அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று முதலில் கேட்பது நல்லது.

வரைவதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கிடைக்கோட்டின் அலகு நாள் அல்லது மணி. செங்குத்துக் கோட்டின் அலகு வேகம். இரண்டும் ஒரே இனம் அல்ல. ஆகவே குச்சியின் முனை ‘இத்தனை மணி, இவ்வளவு வேகம்’ என்ற புள்ளியில் விழுமாறு வரைந்தால், ஒரு வாரப் படத்தை ஒரு மாதப் படமாக நீட்டியதும் எல்லாக் குச்சிகளின் சாய்வும் மாறிப்போகும். கோணத்தைத் தாளின் மேல் பாகைமானி வைத்து அளப்பதுபோலத்தான் போட வேண்டும். பைதான் மொழியின் மாட்பிளாட்லிப் தொகுப்பில் ‘குவிவர்’ கட்டளை இயல்பாகவே கோணத்தை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. அந்த அமைப்பைப் புள்ளிகளின் அச்சு அலகுக்கு மாற்றினால் படம் கெடும்.

எங்கிருந்து, எங்கே

இந்த வரைபடத்தில் மிக அதிகக் குழப்பம் விளையும் இடம் இதுதான். வானிலையாளர் காற்றை அது வரும் திசையால் சொல்கிறார். ஊர் வழக்கும் அதுவே; வடக்கிலிருந்து வருவது வாடை. கடலியலாளரோ நீரோட்டத்தை அது போகும் திசையால் சொல்கிறார். வடக்கு நீரோட்டம் என்றால் வடக்கு நோக்கி ஓடுவது. குச்சி வரைபடத்தில் பெரும்பாலும் காற்றையும் அது போகும் திசை நோக்கியே வரைகிறார்கள்; அப்போதுதான் மேலே காற்றையும் கீழே நீரோட்டத்தையும் ஒரே தாளில் அடுக்கி, காற்று தள்ளிய பக்கம் நீர் போனதா என்று ஒப்பிட முடியும். எந்த வழக்கத்தைக் கைக்கொண்டாலும் அதைப் படத்தின் மேலேயே எழுத வேண்டும். மேல்பக்கம் வடக்கு என்பதையும், இவ்வளவு நீளம் இவ்வளவு வேகம் என்று காட்டும் அளவுக் குச்சியையும் சேர்க்க வேண்டும். இவை இல்லாத படத்தை நேர் எதிராகவும் படிக்கலாம். அப்படிப் படிப்பவர் மேல் குற்றமில்லை.

எத்தனை நிமிடச் சராசரி என்பதையும் அப்படியே படத்தில் எழுத வேண்டும். புயல் காற்றுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை 3 நிமிடச் சராசரி எடுக்கிறது. உலக வானிலை அமைப்பின் அளவு 10 நிமிடம். அமெரிக்காவில் 1 நிமிடம். ஒரே காற்றுக்கு மூன்று நீளக் குச்சிகள் கிடைக்கும்.

புயலைப் படித்தல்

வட அரைக்கோளத்தில் புயல் மையத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. வங்கக் கடலிலிருந்து மேற்கு நோக்கி ஒரு புயல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பாதைக்கு வடக்கே உள்ள ஊரில் காற்று வடகிழக்கிலிருந்து கிழக்கு, பின் தென்கிழக்கு என மாறும். குச்சிகள் கடிகார முள் போகும் பக்கம் திரும்பும். தெற்கே உள்ள ஊரில் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று எதிர்ப்பக்கம் திரும்பும். மையம் தலைக்கு மேலே கடந்தால் குச்சிகள் நீண்டு, சட்டென்று குறுகி, பிறகு எதிர்த்திசையில் மறுபடி நீளும். ஓர் ஊரின் படத்தைப் பார்த்தே புயல் எந்தப் பக்கமாகப் போனது என்று சொல்லிவிடலாம். கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் கப்பல்களின் பதிவேடுகளைத் திரட்டி, எந்த மணிக்கு எத்திசைக் காற்று என்று கோத்து வங்கக் கடல் புயல்களின் மையத்தைத் தேடியது இந்த முறையில்தான். 1848-இல் அவர் வெளியிட்ட மாலுமிகளுக்கான நூலில்தான் ‘சைக்ளோன்’ என்ற சொல் பிறந்தது.

குச்சிகள் திரும்பாமலே இருந்தால்? நீளம் கூடிக்கொண்டே, காற்றழுத்தம் இறங்கிக்கொண்டே போனால் புயல் நேராக நம்மை நோக்கி வருகிறது. நீளமும் மாறாமல் மணிக்கணக்கில் அதே சாய்வில் நின்றால் புயல் நகரவில்லை என்று ஐயுற வேண்டும். பின்னது எவ்வளவு கொடியது என்பதை ஃபெஞ்சல் காட்டியது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய அந்தப் புயல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. காற்றைப் பொறுத்தவரை அது பெரும்புயல் அல்ல. கரையேறும்போது மணிக்கு 70 முதல் 80 கி.மீ. அளவே. கேடு மழையால் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் கொட்டிய பிறகு அது வலுவிழந்தபடி மெல்ல உள்நாட்டுக்குள் நகர்ந்தது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. டிசம்பர் 13 தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. உச்ச வேகத்தை மட்டும் பார்க்கும் பழக்கம் இப்படிப்பட்ட புயலைக் குறைத்து மதிப்பிட வைக்கும். எவ்வளவு நேரம் எத்திசையில் நின்றது என்பதை அருகருகே காட்டும் படம் வேண்டும்.

கருவியை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்பதும் படத்துக்குள் புகுந்துவிடும். காற்றுமானியைத் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில், சுற்றியுள்ள தடைகளின் உயரத்தைப் போல் குறைந்தது 10 மடங்கு தள்ளி நிறுத்த வேண்டும் என்பது பொது விதி. திருவண்ணாமலை நகரின் பழைய பகுதியில் இவ்விதிக்கு வழியே இல்லை. ஏறத்தாழ 600 மீட்டர் எழும் மலை மேற்கே ஒட்டி நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று மலையில் மோதிப் பிரிந்து, கோயில் பக்கம் சுழன்று இறங்கும். அங்கே வரையும் குச்சிகள் மலையின் கைவேலையைத்தான் காட்டும், வட்டாரக் காற்றை அல்ல.

கடலில்

தமிழகக் கரை பெரும்பகுதி வடக்கு–தெற்காக ஓடுவதால், கரையோர நீரோட்டக் குச்சிகள் பெரும்பாலும் மேலாகவோ கீழாகவோ நிற்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கிழக்குக் கரை நீரோட்டம் வடக்கே போகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே. கோவாவில் தலைமையகம் கொண்ட தேசியக் கடலியல் நிறுவனம் கடலூர், காக்கிநாடா, விசாகப்பட்டினம் ஆகிய இடங்களுக்கு எதிரே ஒலி அலையால் நீரோட்டத்தை அளக்கும் கருவிகளைக் கடலடியில் நங்கூரமிட்டு இந்த மாற்றத்தைத் தொடர்ந்து பதிந்திருக்கிறது. இத்தரவை வரையுமுன் ஓதங்களை வடிகட்டுவது வழக்கம். இல்லாவிட்டால் அரை நாளுக்கொரு முறை ஊசலாடும் குச்சிகளுக்குள் பருவமாற்றம் மறைந்துபோகும்.

ஆனால் எல்லாவற்றையும் வடிகட்டுவது தவறு. புயல் ஓய்ந்த பின்பும் அது கிளறிய நீர், பூமியின் சுழற்சியால் கடிகார முள்ளின் போக்கில் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், 12 மணியை அவ்விடத்து அட்சரேகையின் சைன் மதிப்பால் வகுத்தால் கிடைக்கும். துருவத்தில் 12 மணி, கடலூருக்கு எதிரே ஏறத்தாழ 59 மணி. ஒரு நாள் சராசரியில் இது தப்பிப் பிழைக்கும். ஒரு வாரச் சராசரியில் அழிந்துவிடும்.